பொறி தரும் சுருள்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பழைய பெட்ரோல் அம்பாசிடர் கார் ஒன்று இத்தொலைவை ஒரு மணி நேரத்தில் கடப்பதாகக் கொள்வோம். அதன் எஞ்சின் நிமிடத்திற்குச் சராசரியாக 2,000 முறை சுழல்கிறது எனில், எத்தனை மின்பொறிகள் தேவை? நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறிகள். ஆகவே ஒரு மணி நேரத்தில் 2,40,000 பொறிகள்! இத்தனையையும் தருவது கைக்கு அடக்கமான ஓர் உலோகக் குப்பி. மெக்கானிக்குகள் அதை இக்னிஷன் காயில் என்பர். நாம் எரியூட்டுச் சுருள் எனலாம்.

இச்சுருள் பழுதானால் புதிதாக எதை வாங்குவது? பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறுபடும். அந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதை அதன் வரலாறு சொல்லும்.

ஆய்வகத்தில் பிறந்தது

1831இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். 1836இல் அயர்லாந்தில் மேனூத் கல்லூரிப் பேராசிரியராக இருந்த நிக்கோலஸ் காலன் என்ற பாதிரியார் தூண்டு சுருளை அமைத்தார். இரும்பு உள்ளகத்தின் மீது தடித்த கம்பியில் சில சுற்றுகள். அது முதன்மைச் சுருள். மெல்லிய கம்பியில் மிகப் பல சுற்றுகள். அது துணைச் சுருள். முதன்மையில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் காந்தப்புலம் சரிகிறது. துணைச் சுருளில் உயர் மின்னழுத்தம் எழுகிறது. 1853இல் ஃபிசோ மின்தேக்கியைச் சேர்த்தார். காரில் இன்றும் 'கண்டன்சர்' என்று வழங்குவது அதுவே. பாரிஸ் நகரில் ரும்கார்ஃப் இக்கருவியைச் செம்மைப்படுத்தி, 1864இல் 50,000 பிராங்க் பரிசு பெற்றார். 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கியதும் இத்தகைய சுருளைக் கொண்டுதான்.

காருக்குள் புகுந்தது

1860இல் லெனுவார் தம் வாயு எஞ்சினில் இச்சுருளால் பொறி உண்டாக்கினார். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டியிலும் அதிர்வுச் சுருளே இருந்தது. அதில் ஓர் அதிர் தகடு மின்னோட்டத்தை இடைவிடாது துண்டித்துக் கொண்டிருக்கும். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் இதை மாற்றினார். எஞ்சினோடு சுழலும் முனைப்புச் சக்கரமே உரிய நொடியில் 'பாயிண்ட்' என்ற தொடுமுனைகளைத் திறக்கும். ஒரு திறப்பு, ஒரு பொறி. 1910ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் இம்முறை வந்தது. பின்னாளில் உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரும், பம்பாயில் உருவான ஃபியட்டும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இம்முறையிலேயே ஓடின. 1961இல் தோன்றிய லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் நம் நாட்டு வண்டிகளுக்கான மின்சாதனங்களைச் சென்னைப் பாடியில் செய்யலாயிற்று.

தடை வந்த கதை

ஸ்டார்ட்டர் சுழலும்போது 12 வோல்ட் மின்கலம் 9 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடக் கூடும். முதன்மைச் சுருளின் தடை 3 ஓம் எனில் வழக்கமாக 12 ÷ 3 = 4 ஆம்பியர் ஓடும்; அப்போதோ 3 ஆம்பியர்தான். சுருளில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைச் சார்ந்தது. ஆகையால் அது பாதியைவிடச் சற்றே மேலான அளவுக்குக் குறைந்துவிடுகிறது, பொறி நலிகிறது.

இதற்கு ஒரு வழி கண்டனர். சுருளை 1.5 ஓம் ஆக்கி, வெளியே இன்னொரு 1.5 ஓம் தடையைத் தொடராக இணைத்தனர். ஓடும்போது அதே 4 ஆம்பியர். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வெளித் தடை விலக்கப்படும்; 9 ÷ 1.5 = 6 ஆம்பியர். அமெரிக்கக் கார்கள் 1950களில் 12 வோல்ட்டுக்கு மாறியபோது இம்முறை பரவிற்று.

எதைத் தேர்வது?

இனி விடை எளிது. வெளித் தடை இல்லாத காரில் 1.5 ஓம் சுருளை மாட்டினால் 8 ஆம்பியர் ஓடும். பாயிண்ட் மூடியிருக்கும் வேளையில் சுருளில் எழும் வெப்பம் 48 வாட்டுக்குப் பதில் 96 வாட். பாயிண்ட் கருகும், எண்ணெய் நிரம்பிய குப்பி வெடிக்கவும் கூடும். வெளித் தடை உள்ள காரில் 3 ஓம் சுருளை மாட்டினால் 2.7 ஆம்பியர்தான், வண்டி திணறும். மின்னணு எரியூட்டலுக்கென வந்த சுருள்கள் பல 1 ஓமுக்கும் குறைவானவை. பாயிண்ட் உள்ள காருக்கு அவை ஆகா. 'அதிக சக்தி' என்று கடைக்காரர் நீட்டினாலும் ஓம் எவ்வளவு என்று கேளுங்கள்.

வெளித் தடை சில கார்களில் சாதாரணக் கம்பிபோல் மறைந்திருக்கும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைத் திருப்பி, சுருளுக்கு மின்சாரம் வரும் முனையில் வோல்ட்டை அளங்கள். 12க்கு அருகில் இருந்தால் வெளித் தடை இல்லை. 6 முதல் 8 வரை இருந்தால் உண்டு. அளந்ததும் சாவியை மூடிவிடுங்கள்.

முனைகளையும் பாருங்கள். பிளக்கின் நடுமுனை சூடானது. சூடான முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் எளிதில் வெளிப்படும். எனவே அது எதிர்முனையாக இருப்பதே நன்று. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. அவற்றில் சுருளின் இணைப்பை மாற்றிக் கொடுத்தால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் பொறிக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. எஞ்சியிருக்கும் பழைய கார்களைக் காப்பவர்களுக்கு, பள்ளியில் படித்த ஓம் விதியும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் போதும். சுருளை மாற்றுமுன் இரண்டு நிமிடம் அளந்து பாருங்கள்.