திருமணியும் நீரடிமுத்தும்

அரபியில் தொழுநோயை ‘ஜுதாம்’ என்பர். ‘வெட்டுதல்’ அதன் வேர்ப்பொருள். உறவுகளையும் வெட்டிய நோய் அது. இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலில் அதனை ஆராய்ந்தார். நம் சித்த மருத்துவர் நீரடிமுத்து எண்ணெயைக் கையாண்டனர். அவ்வின வித்துகளின் எண்ணெயிலிருந்து 1904, 1905 ஆம் ஆண்டுகளில் பவர் என்னும் வேதியியலார் தனித்தன்மை வாய்ந்த அமிலங்களைப் பிரித்தெடுத்தார்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தொழுநோயாளர் இல்லம் எழுந்தது. 1940களில் அங்கு ராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தைச் சோதித்தார். காலப்போக்கில் எண்ணெயின் இடத்தை அது பெற்றது. 1955இல் அவ்வில்லம் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமாயிற்று. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூட்டுமருந்தைப் பரிந்துரைத்தது.

கிருமியை மருந்து வென்றது. ஆயினும், குணமடைந்தோரை ஏற்கத் தயங்குவோர் இன்றும் உளர். வெட்டுண்ட உறவை இணைப்பது மருந்தின் பணியன்று. நம் பணியே எனக் கருதுகிறோம்.