வேரடி நுண்ணுயிரும் நெல்லின் பூச்சி எதிர்ப்பும்: காவிரிப் படுகையை முன்னிட்டு ஓர் ஆய்வு

நெல்லைத் தின்னும் பூச்சியை வெளியிலிருந்து கொல்வதைவிட, வேரடி மண்ணில் வாழும் பாக்டீரியாவின் துணையால் பயிரையே எதிர்த்து நிற்கச் செய்யலாம் என்னும் கருத்து, பயிர்நோய்க்கு மருந்து தேடிய முயற்சியிலே கிளைத்துப் பின்னரே பூச்சிக்கும் உரியதாயிற்று என்பதை வரலாற்று முறையில் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1922-இல் தோன்றிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அளித்த ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல், 1960-களின் நடுவில், தீவிர விவசாய அபிவிருத்தித் திட்டத்தின் முதல் ஏழு மாவட்டங்களுள் ஒன்றாயிருந்த, காவிரிப் படுகையைச் சேர்ந்த தஞ்சாவூரின் குறுவை வயல்களில் பரவியபோது, இரசாயன உரப் பிரயோகமும் உடன் பெருகிற்று. தழைச்சத்து மிகுந்து கரும்பச்சை ஏறிய பயிரை இலைச்சுருட்டுப் புழு விரும்பி நாடும். இலையின் இரு ஓரங்களையும் நூலிழையால் பிணைத்து, அக்கூட்டினுள் இருந்தபடியே பச்சையத்தைச் சுரண்டுவதால் இலை வெண்கோடுகளாய் வெளிறும். இதற்கெனத் தெளித்த பூச்சிமருந்து சிலந்தி முதலிய இயற்கை எதிரிகளையும் அழித்தமையால், புகையான் போன்ற வேறு பூச்சிகள் பெருக இடமுண்டாயிற்று.

இம்மருந்துக்கு மாற்றான வழி வேரடி மண்ணிலிருந்து பிறந்தது. வேரைச் சூழ்ந்த மண்ணின் விசேஷத்தை 1904-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹில்ட்னர் எடுத்துக் கூறினார். பயிர் வளர்ச்சிக்கு உதவும் வேர்மண் பாக்டீரியாக்களுக்கு 1978-இல் குளோப்பர், ஷ்ராத் இருவரும் பெயரிட்டனர். அவை வேரிலே இருந்துகொண்டு, தாம் தொடாத இலையிலும் தண்டிலும் நோயெதிர்ப்பைத் தூண்டுவதை 1991-இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர் தனித்தனியே நிறுவினர். 1997-இல் வெள்ளரிச் செடியைத் தின்னும் வண்டுகளுக்கு எதிராகவும் இவ்வாறே எதிர்ப்பு எழுவது அமெரிக்காவில் அறியப்பட்டது.

தமிழகத்தில் இதற்கு அடிகோலியது கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம். வித்யாசேகரனும் முத்தமிழனும் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியாவை டால்க் பொடியில் கலந்து, கொண்டைக்கடலை வாடல் நோய்க்கான மருந்தாக 1995-இல் அறிவித்தனர். இம்முறை பின்னர் நெல்லின் இலையுறைக் கருகலுக்கும் பயன்பட்டது. 2002-இல் சாமியப்பன் முதலிய ஆய்வாளர், பி.எப்.1, எப்.பி.7 என்னும் இப்பாக்டீரியாவின் இரு வகைகளின் கலவை இலையுறைக் கருகலோடு இலைச்சுருட்டுப் புழுவையும் குறைப்பதை வெளியிட்டனர்.

இவ்வாய்வுகளிற் கண்ட காரணம் சிந்திக்கத்தக்கது. பாக்டீரியா வேரில் இருக்க, இலையிலே பாலிபீனால் ஆக்சிடேஸ், லிபாக்ஸிஜனேஸ் முதலிய நொதிகளின் செயல் மிகுகிறது. முன்னது புழுவின் உணவிலுள்ள புரதத்தின் சத்தைக் குறைக்கவல்லது, பின்னது ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் அபாயச் செய்தியின் உற்பத்தியில் பங்குகொள்வது. ஆகவே புழுவுக்கு விரோதமாய் நிற்பது பயிரின் சொந்தச் சக்தியே. பாக்டீரியா அதனை எழுப்புவதோடு அமைகிறது.

இப்பாக்டீரியாப் பொடியின் பிரயோக முறையும் இத்தன்மைக்கேற்பவே வகுக்கப்பட்டது. கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் விதைநேர்த்தி, ஹெக்டேருக்கு 2.5 கிலோ பொடி கரைத்த நீரில் நாற்றின் வேர் நனைத்தல், அதே அளவைத் தொழுவுரத்தோடு கலந்து வயலில் இடுதல் என்பன பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளுள் முக்கியமானவை. பின்னர் இலைவழித் தெளிப்பும் உண்டு. புழு பெருகிய பின் உடனே தீர்க்கும் மருந்தன்று இது; பொடியிலுள்ளது உயிராதலால், நாட்பட்டால் வீரியம் குன்றும். வெண்கோடு கண்டபின் மருந்துக்கடை செல்வது வழக்கமாகிவிட்ட படுகையில், இம்முறை விவசாயியிடம் கேட்பது, இப்புழுவை ஈனும் அந்துப்பூச்சி வயலுக்கு வருமுன்னரே, விதை ஊறும் நாளிலேயே செய்யவேண்டிய தீர்மானத்தை.