வேண்டாத தரவை யார் மறிப்பது?

நாம் கேட்காமலே நம் இணைய இணைப்புக்குள் வந்து சேர்பவை நிறைய. திறந்த வாசல் தேடித் திரியும் நச்சு நிரல்கள், பொதி வந்திருக்கிறது என்று சொல்லி வங்கி அட்டை இலக்கம் கேட்கும் போலி இணைப்புகள், குப்பை மின்னஞ்சல்கள். இவற்றைச் சேவை வழங்குநரே இடையில் மறித்துவிட வேண்டுமா? வெளியே இது பெரும்பாலும் தொழில்நுட்பக் கேள்வியாகவே பேசப்படுகிறது. 2007 ஜூனில் அரசின் உத்தரவில் தமிழ்நெற் தளத்தை இதே வழங்குநர்கள் முடக்கியதைப் பார்த்த நமக்கு அது அவ்வளவு எளிய கேள்வி அல்ல.

மலையகத்தின் நிலையிலிருந்தே பார்ப்போம். ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் இணையம் என்பது பெரும்பாலும் கைபேசி டேட்டா. கொஞ்சம் வசதி இருந்தால் 4ஜி ரவுட்டர். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சிக்னலுக்காகப் பிள்ளைகள் மேட்டில் ஏறி நின்றார்கள். நாட்சம்பளத்தில் ரீலோட் போடும் வீட்டில் நச்சு நிரல் புகுந்த ஒரு போன் பின்னணியில் தரவு அனுப்பிக்கொண்டிருந்தால், கரைவது அந்த வீட்டுக் காசு. ஆகவே வடிகட்டல் தேவையே இல்லை என்று கொழும்பில் அளவில்லா இணைப்போடு இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

ஆனால் எதை வடிகட்டுவது? இங்கேதான் இரண்டு வேறு வேலைகள் ஒரே பெயரில் கலந்துவிடுகின்றன.

முதலாவது, தரவின் உள்ளடக்கத்தைப் பார்க்காமலே செய்யக்கூடியது. தன் வாடிக்கையாளரிடமிருந்து புறப்படும் பொதி பொய்யான அனுப்புநர் முகவரியோடு வந்தால் வழங்குநர் அதை வெளியே விடக்கூடாது. இதற்கான பரிந்துரை 2000ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. நச்சு நிரல் புகுந்த கணினிகள் நேரடியாகக் குப்பை அஞ்சல் அனுப்பாதபடி 25ஆம் இலக்க வாயிலை மூடுவதும் பல நாடுகளில் பழைய வழக்கம். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டொய்ச்ச டெலிகொம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 இலட்சம் ரவுட்டர்கள் செயலிழந்தன. தாக்குதல் வந்தது தொலைவிலிருந்து ரவுட்டரைப் பராமரிக்கும் 7547ஆம் வாயில் வழியாக. அந்த வாயில் வெளியாருக்குத் திறந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அதை மூடுவதால் யாருடைய பேச்சும் தடைப்படாது.

இரண்டாவது, எந்தத் தளத்துக்குப் போகலாம் என்று தீர்மானிப்பது. இதில் நம் அனுபவம் கசப்பானது. 2011 நவம்பரில் அரசை விமர்சித்த செய்தித் தளங்கள் சில முடக்கப்பட்டன. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் தடைசெய்யப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் மறுபடியும் தடை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் போராட்டத்துக்கு முன்னால், இன்னொரு தடை. அதைப் பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு செய்வித்தது. இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. வன்முறையைத் தூண்டும் பதிவைத் தடுப்பது அவசியமே. ஆனால் தடை வந்த நாளில் தோட்டத்துத் தாய்க்கு வெளிநாட்டில் வேலை செய்யும் மகளோடு பேச இருந்த வட்ஸ்அப் வழியும் அடைபட்டது.

பிரித்தானியாவில் 2013 முதல் பெரிய வழங்குநர்கள் குடும்ப வடிகட்டியைக் கொண்டுவந்தபோது, குற்றமற்ற தளங்களும் அதில் மாட்டிக்கொண்டன. அங்கே கணக்குக்கு உரியவர் அதை நிறுத்திவிடலாம். அந்த ஒரு வசதிதான் முக்கியம்.

என் கருத்தில் முதல் வகை வடிகட்டலைக் கட்டாயமாக்கலாம். மோசடித் தளங்களை மறிப்பது வாடிக்கையாளர் கேட்டால் மட்டும், காசில்லாமல் நடக்க வேண்டும். எதை ஏன் மறித்தோம் என்பது திரையில் தமிழிலும் தெரிய வேண்டும்; மறிக்கப்பட்ட தளங்களின் பட்டியல் பகிரங்கமாக இருக்க வேண்டும். அரசின் உத்தரவு அந்தப் பட்டியலுக்குள் சத்தமில்லாமல் நுழையாதபடி, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் எதையும் சேர்க்கக்கூடாது.

அதுவரை வீட்டில் ஒரு வேலை செய்யலாம். 2016இல் உலகை அலைக்கழித்த மிராய் நச்சு நிரல், தொழிற்சாலையில் போட்ட சுமார் 60 கடவுச்சொற்களை முயன்று பார்த்தே கருவிகளுக்குள் புகுந்தது. உங்கள் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள்.