நூலகம்

நிரல் எழுதுவோர் பேச்சில் நூலகம் என்றால் புத்தக அடுக்கு அன்று. பிறர் எழுதிவைத்த, நாம் எடுத்தாளக்கூடிய நிரல்களின் தொகுப்பு. 2013இல் பொதுவுக்கு வந்த ரியாக்ட் அப்படி ஒன்று.

அச்சொல்லில் உள்ள நூல் முதலில் நூற்ற இழை. ஏடு என்ற பொருள் பிறகு ஏறியது. நன்னூல் இந்த உறவை எவ்வளவு அழகாக விரிக்கிறது! சொல்லே பஞ்சு, புலவரே நூற்பவர், வாயே கை, மதியே கதிர்.

கலசப்பாக்கத்திலிருந்து ஆரணிப் பக்கம் போனால் பட்டுத்தறியின் மேல் ஜக்கார்டு என்ற கருவியைப் பார்க்கலாம். எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகளே சொல்லும். 1804இல் பிரான்சில் உருவான அந்தக் கருவியின் துளையட்டையைத்தான் கணிதவியலாளர் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆகவே தறிக்கும் நிரலுக்கும் இடையிலான உறவு சொல்லளவில் நிற்பதன்று.

கைப்பேசிச் செயலி கட்ட உதவும் ஃபிளட்டர் போன்றவற்றுக்குச் சட்டகம் என்று பெயர். அதன் அடிச்சொல்லான சட்டமும் தச்சரின் மரவேலைச் சொல்தான்.