கரப்பானும் கொக்கி போடும் கிருமியும்

குழந்தைக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் (டாக்டர் பாஷையில் எக்ஸிமா) வந்தால் போதும், நம்ம கல்யாண் பில்டிங்குகளில் முதல் கேள்வி அம்மாவிடம்தான்: "சரியா குளிப்பாட்டறதில்லையா?" ஊரிலிருந்து போனில் பாட்டியும் அதையே கேட்பார். இந்தப் பழி நியாயமா? கொஞ்சம் பழைய கதை பார்க்கலாம்.

1880 வாக்கில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற சர்ஜன், சீழை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். திராட்சைக் கொத்து மாதிரி உருண்டைக் கிருமிகள்! வீட்டு லேபில் கோழிமுட்டைக்குள் அவற்றை வளர்த்தார். 1882-ல் 'ஸ்டஃபைலோகாக்கஸ்' என்று பெயர் வைத்தார். தங்க நிறத்தில் வளரும் வகைக்கு 'ஆரியஸ்' என்ற பெயர் 1884-ல் ஜெர்மனியின் ரோசன்பாக் வைத்தது.

1974-ல் அமெரிக்காவில் லைடன், மார்பிள்ஸ், க்ளிக்மன் மூவரும் கரப்பான் புண்களில் பெரும்பாலும் இந்த ஆரியஸ் குடியிருப்பதைக் காட்டினார்கள். நல்ல தோலில் அவ்வளவாகத் தங்காத கிருமி இங்கே மட்டும் எப்படி ஒட்டுகிறது?

முதல் துப்பு 2006-ல், ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து. கரப்பான் உள்ள பலருக்கு 'பிலாக்ரின்' என்ற தோல் புரதத்தின் ஜீனிலேயே குறை (எல்லாருக்கும் இல்லை). பிலாக்ரின் உடைந்துதான் தோலின் ஈரத்தைக் காக்கும் பொருட்கள் உண்டாகின்றன. அவை குறைந்தால் மேல்தோல் செல்களின் முகம் மாறி, நுண்ணிய முனைகள் நீட்டிக்கொள்ளும். அந்த முனைகளில் 'கார்னியோடெஸ்மோசின்' என்ற புரதம் வெளியே தெரியும். கிருமியின் மேலுள்ள புரதங்கள் கொக்கி போல அதைப் பிடித்துக்கொள்கின்றன என்று 2021-ல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒட்டிய கிருமி விஷப்பொருட்களை விட, அரிப்பு கூடும். சொறிந்தால் தோல் இன்னும் கிழியும். இன்னும் கிருமி ஒட்டும்.

ஆக, அழுக்கு வந்து நோயைக் கொண்டு வரவில்லை. வறண்ட தோல்தான் கிருமிக்குப் பிடி கொடுக்கிறது. டெட்டால் போட்டு, நார் வைத்துத் தேய்த்தால் வறட்சிதான் கூடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவுவதே நல்லது. மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல் இருந்தால் டாக்டர்தான். பக்கத்து வீட்டு ஸ்டீராய்டு ட்யூப் வேண்டாம்.

அடுத்த முறை பாட்டி போன் செய்தால் இதையும் சொல்லுங்கள்: 2008-ல் பிலிப்பைன்ஸில் நடந்த ஒரு சிறு ஆய்வில், வர்ஜின் தேங்காய் எண்ணெய் தடவியவர்களின் தோலில் ஆரியஸ் நன்றாகவே குறைந்தது. பாட்டிக்கு சந்தோஷமாக இருக்கும் :-)