கூரை பிரிக்கப்பட்ட நினைவுகள்

அயர்லாந்து என்றதும் வெள்ளையடித்த சுவரும் வைக்கோல் கூரையுமான குடிசைதான் அஞ்சலட்டையில் வருகிறது. பாட்டன் பூட்டன் கதையெல்லாம் அதன் அடுப்படியில் இருக்கிறதாம். சரி, யாருடைய பாட்டன்? 1841 கணக்கெடுப்பு வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தது. கடைசித் தரமான ஒற்றை அறை மண்குடிசைகள் சுமார் 4,91,000. பத்தே வருஷத்தில் அவை 1,35,000 ஆகிவிட்டன. காரணம் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் மட்டுமல்ல. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவன் அதை விட்டால்தான் நிவாரணம் என்றது 1847 சட்டம். விட்டவனின் கூரையைப் பல நிலப்பிரபுக்கள் பிரித்தெறிந்தார்கள். இரவெல்லாம் சாம்பல் மூடிக் காத்த கணப்பு அப்படித்தான் அணைந்தது. 1937இல் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கதை சேகரித்தபோது, செத்தவர்கள், கப்பலேறியவர்கள் கதையையும் எஞ்சியவர்கள்தான் சொன்னார்கள். நினைவுக்கும் வர்க்கம் உண்டு. கூரை போன மண்சுவர் மழையில் கரைந்துவிடும்; கரையாமல் நின்றதைத்தான் பாரம்பரியம் என்கிறோம்.