விபத்தில் உயிர் போனால் நஷ்டஈடு வாங்குவது எப்படி? - 6 மாதத்துக்குள் மனு போடுங்க; அவசரப்பட்டு கையெழுத்து போடாதீங்க!

காலையில் டிபன் பாக்சை மாட்டிக்கிட்டு பைக்கில் வேலைக்கு போனவர், சாயங்காலம் அரசு ஆஸ்பத்திரி பிணவறையில் கிடக்கிறார். சென்னை - திருச்சி நாற்கர சாலை ஓரத்து ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை.

பிணவறை வாசலில் குடும்பம் கதறிக்கொண்டு இருக்கும்போதே, "கேஸை நான் பார்த்துக்கறேன், இதுல ஒரு கையெழுத்து போடும்மா" என்று ஒருவர் வந்து நிற்பார். லாரி ஓனர் தரப்பில் இருந்து "ஐம்பதாயிரம் வாங்கிக்கிட்டு முடிச்சுக்கலாம்" என்று இன்னொருவர் வருவார். துக்கத்தில் போடும் அந்த ஒரு கையெழுத்தால் பிள்ளைகளுக்கு வரவேண்டிய லட்சக்கணக்கான ரூபாய் கைநழுவி போய்விடும்.

சட்டப்படி என்ன கிடைக்கும்? எங்கே போகணும்? விவரம் வருமாறு:-

கிரிமினல் கேஸ் வேறு, நஷ்டஈடு வேறு

டிரைவர் மீது போலீசார் போடும் வழக்கு, அவருக்கு தண்டனை வாங்கித் தருவதற்கு. 2024 ஜூலை 1-ந்தேதி முதல் இது பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் பதிவாகிறது. அதற்கு முன்பு இந்திய தண்டனை சட்டம் 304-ஏ.

நஷ்டஈடு வேண்டும் என்றால் குடும்பத்தார் தனியாக மனு போட வேண்டும். அதை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயம். மாவட்ட கோர்ட்டு வளாகத்தில்தான் இருக்கும். "கிரிமினல் கேஸ் முடியட்டும்" என்று காத்திருக்க தேவையில்லை. அந்த கேஸில் டிரைவர் விடுதலை ஆனாலும் அதனால் மட்டும் நஷ்டஈடு மனு செத்துப்போகாது.

6 மாத கெடு

2022 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த சட்ட திருத்தப்படி, விபத்து நடந்த நாளில் இருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இதை எதிர்த்த வழக்கில், காலதாமதத்தை காரணம் காட்டி மனுக்களை தள்ளுபடி செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அது இடைக்கால உத்தரவுதான். அதை நம்பி சும்மா இருக்கக்கூடாது. மேலும், வட்டி பெரும்பாலும் மனு போட்ட தேதியில் இருந்துதான் கணக்காகும். தள்ளிப்போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

எங்கே போடலாம்?

விபத்து நடந்த ஊரிலோ, குடும்பம் குடியிருக்கும் ஊரிலோ, எதிர்தரப்பு இருக்கும் ஊரிலோ போடலாம். மகன் கிருஷ்ணகிரி அருகே விபத்தில் இறந்தாலும், கடலூரில் இருக்கும் தாய் கடலூரிலேயே மனு போடலாம்.

என்னென்ன பேப்பர் வேண்டும்?

* எப்.ஐ.ஆர். நகல்
* பிரேத பரிசோதனை சான்றிதழ், இறப்பு சான்றிதழ்
* தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் (இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்)
* மோதிய வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை
* இறந்தவரின் வயது, வருமானத்துக்கு ஆதாரம்

மனைவி, பிள்ளைகள், தாய், தகப்பன் எல்லோர் பெயரும் மனுவில் வரவேண்டும். மாமியாரை விட்டுவிட்டு மருமகள் மட்டும் போட்டால் பின்னால் தகராறு வரும்.

சம்பள ரசீது இல்லாத கொத்தனார், லோடுமேன், பூ வியாபாரி குடும்பமும் பயப்பட வேண்டாம். நலவாரிய அட்டை, பேங்க் பாஸ்புக், வேலை கொடுத்தவரின் சாட்சி எல்லாம் உதவும். எதுவுமே இல்லை என்றாலும் கோர்ட்டே ஒரு வருமானத்தை உத்தேசமாக கணக்கில் எடுக்கும். வீட்டு வேலை பார்த்த இல்லத்தரசி இறந்தாலும் அவர் உழைப்புக்கு மதிப்பு போட வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது.

கணக்கு இதுதான்

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு சுப்ரீம் கோர்ட்டு 2009, 2017-ம் ஆண்டு தீர்ப்புகளில் கணக்கு போட்டு கொடுத்துள்ளது. நீங்களே போட்டு பார்க்கலாம்.

மாதம் ரூ.15 ஆயிரம் சம்பாதித்த 38 வயது கூலி தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். மனைவி, 2 பிள்ளைகள், தாய் என 4 பேர் அவரை நம்பி இருக்கிறார்கள்.

* நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்கணும்: ரூ.21 ஆயிரம்
* அவரது சொந்த செலவுக்கு கால் பங்கு கழிக்கணும்: ரூ.15,750
* ஒரு வருஷத்துக்கு: ரூ.1 லட்சத்து 89 ஆயிரம்
* 36 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 15-ஆல் பெருக்கணும்: ரூ.28 லட்சத்து 35 ஆயிரம்

இறுதி சடங்கு செலவு, கணவரை, தகப்பனை, மகனை இழந்ததற்கான தொகை எல்லாம் இதற்கு மேல் தனி. இறந்தவர் மீதும் தப்பு இருந்தால் அந்த அளவுக்கு குறையும்.

கல்யாணம் ஆகாத மகன் என்றால் பொதுவாக பாதியை கழிப்பார்கள். ஆனால் பெருக்குவதற்கு பெற்றோர் வயதை பார்க்கக்கூடாது, மகன் வயதைத்தான் பார்க்க வேண்டும்.

ரூ.5 லட்சத்தில் உஷார்

யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலே ரூ.5 லட்சம் வாங்க 164-வது பிரிவில் வழி இருக்கிறது. சீக்கிரம் கிடைக்கும் என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சமரசமாக அதை வாங்கிக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட பெரிய மனு காலாவதி ஆகிவிடும். மேலே உள்ள கணக்கில் ரூ.28 லட்சம் எங்கே, ரூ.5 லட்சம் எங்கே? தப்பை நிரூபிக்க வழியே இல்லாதவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் வக்கீலை கேட்காமல் கையெழுத்து போடாதீங்க.

வண்டி நிற்காமல் போய்விட்டதா?

மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் மத்திய அரசு திட்டத்தில் ரூ.2 லட்சம் உண்டு. விபத்து நடந்த தாலுகாவின் விசாரணை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அல்லது தாசில்தார் ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். கலெக்டர் உத்தரவு போடுவார்.

அரசு பஸ் மோதினால்?

போக்குவரத்து கழகத்தின் மீது அதே தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். "கோர்ட்டு உத்தரவுப்படி அரசு பஸ் ஜப்தி" என்று அடிக்கடி செய்தி வருவது இப்படித்தான்.

வக்கீல் பீஸ் எவ்வளவு?

"வர்ற பணத்தில் இத்தனை பங்கு" என்று பேசுவதற்கு பார் கவுன்சில் விதியில் இடமில்லை. பீஸை முதலிலேயே பேசி எழுதி வாங்குங்க. வெத்து பேப்பரிலும், வெத்து செக்கிலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். நஷ்டஈட்டு பணத்தை குடும்பத்தாரின் பேங்க் கணக்குக்கே நேராக அனுப்ப வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 மார்ச்சில் கூறி இருக்கிறது. மைனர் பிள்ளைகளின் பங்கை பேங்க் டெபாசிட்டில் போட கோர்ட்டு உத்தரவிடும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு வருமான வரம்பே கிடையாது. போனில் கேட்க 15100.

தீர்ப்பில் தொகை குறைவு என்றால் 90 நாளுக்குள் ஐகோர்ட்டில் அப்பீல் செய்யலாம். லோக் அதாலத்தில் சமரசம் செய்துகொண்டால் மட்டும் அப்பீல் கிடையாது. எனவே அங்கே தலையாட்டும் முன் மேலே சொன்ன கணக்கை ஒரு தடவை போட்டு பாருங்க.

போனவர் திரும்பி வரமாட்டார். பிள்ளைகள் படிப்பு நிற்காமல் இருக்க வேண்டும் அல்லவா? 16-ம் நாள் காரியம் முடிந்ததும் முதல் வேலையாக ஸ்டேஷனுக்கு போய் எப்.ஐ.ஆர். நகலை கையில் வாங்குங்க.